பார்த்த பின்னரே பணம்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் மாணவர்களிடம் எழும் முதல் கேள்வி, "எங்கே தங்குவது?" என்பதாகும். எல்லாருக்கும் விடுதியில் இடம் கிடைப்பதில்லை. கம்பார், பாங்கி போன்ற பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் பலர் வாடகை அறைகளையே நாடுகின்றனர். பதிவு நாள் நெருங்க நெருங்கப் பதற்றமும் கூடும். மோசடிக்காரர்கள் எதிர்பார்ப்பது இந்தப் பதற்றத்தைத்தான்.

இத்தகைய மோசடி பெரும்பாலும் முகநூல் விளம்பரத்தில் தொடங்குகிறது. வேறொருவரின் விளம்பரத்திலிருந்து எடுத்த அழகிய படங்கள் அதில் இருக்கும். வாடகையோ அவ்வட்டார வாடகையைவிடக் குறைவாக இருக்கும். புலனத்தில் தொடர்பு கொண்டால், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், இன்னும் மூவர் காத்திருக்கின்றனர், இன்றே முன்பணம் கட்டினால் அறை உங்களுக்கே" என்று பதில் வரும். பணம் போய்ச் சேர்ந்ததும் தொடர்பு அறுந்துவிடும்.

முன்பணம் கேட்பவர் எல்லாரும் மோசடிக்காரர் அல்லர். மலேசியாவில் இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகவும், நீர், மின்கட்டணத்திற்காக மேலும் அரை மாத வாடகையையும் கேட்பது வழக்கம். அறையின் வாடகை 500 ரிங்கிட் என்றால், முதல் மாத வாடகையுடன் சேர்த்து 1,750 ரிங்கிட் தேவைப்படும். அது ஒரு குடும்பம் பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேமித்த பணமாக இருக்கலாம். ஆகவே, அதனை எப்போது கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் வீட்டை நேரில் பார்க்க வேண்டும். செல்ல இயலாவிட்டால், அவ்வூரில் வாழும் உறவினரையோ மூத்த மாணவரையோ அனுப்பலாம். எனினும், சாவி வைத்திருப்பவர் எல்லாரும் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்த வீட்டைத் தமது வீடு எனக் காட்டிப் பலரிடம் முன்பணம் பெறுவோரும் உள்ளனர். எனவே, மதிப்பீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் உரிமையாளரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். முகவர் எனில், அவரது பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். புகார் செய்யப்பட்ட எண்களே அதில் இருக்கும். ஆதலால், ஓர் எண் அங்கு இல்லை என்பதற்காக மட்டும் அதனை நம்பிவிடக்கூடாது. வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பமிட்ட பின்னரே பணத்தைச் செலுத்தி ரசீது பெற வேண்டும்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால், பெற்றோர் திட்டுவார்கள் என அஞ்சி மறைப்பது மோசடிக்காரர்களுக்கே உதவும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு விரைவாக மாறிவிடும் என்பதால், உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்க வேண்டும். காவல்துறையிலும் புகார் செய்ய வேண்டும். உரையாடல்களையும் பணம் செலுத்திய சான்றையும் அழித்துவிடக்கூடாது. இழந்த பணம் முழுவதும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். ஆயினும், இன்று ஒருவர் செய்யும் புகார், நாளை அதே எண்ணைத் தேடிப் பார்க்கும் இன்னொரு மாணவரைக் காப்பாற்றும்.