குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு ஏன்?

டிஸ்பென்சரிப் பக்கம் நாம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "ராத்திரி ரெண்டு ரொட்டிதான் சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல எப்படி சீனி கூடுச்சு?" என்பது ஒன்று. "நான் சாராயத்தைத் தொட்டதே இல்ல. ஸ்கேன் பண்ணினா ஈரல்ல கொழுப்புன்னு சொல்றாங்களே?" என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் ஈரலில்தான் இருக்கிறது.

ஈரல் நம் வீட்டுச் சாமான் அறை மாதிரி. சாப்பாட்டில் மிஞ்சும் சீனியைச் சேர்த்து வைக்கும். ராத்திரி நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு விடும். 'போதும், நிறுத்து' என்று சொல்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். தசைகளுக்குள் சீனி போக வழிவிடுவதும் அதுதான்.

வயிற்றில் கொழுப்பு கூடினால் உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. செலவாகாத சீனி ஈரலில் கொழுப்பாக மாறுகிறது. கொழுப்புப் பிடித்த ஈரலோ நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சீனி கூடுவது இதனால்தான். கணையம் களைத்துப்போனால் நீரிழிவு வந்துவிடும். இப்படி ஒன்று மற்றதை வளர்க்கிறது.

"மலையேறிக் கொழுந்து எடுக்கிறோம், நமக்கு வராது" என்று இருந்துவிடக் கூடாது. நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், குடியால் வராத ஈரல் கொழுப்பு 100க்கு 18 பேருக்கு இருந்தது. ஆரம்பத்தில் வலி இருக்காது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பல வருஷம் கழித்து ஈரல் சுருங்கிப்போகும்.

நாம் செய்யக்கூடியவை:

1. பிளேன்டிக்குச் சீனியைக் குறைப்போம். சோடாவைத் தவிர்ப்போம்.

2. கோதுமை மா ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, கீரையும் பருப்பும் கூட்டுவோம்.

3. இடுப்பை அளந்து பார்ப்போம். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும், ஆண்களுக்கு 90க்கும் மேல் போனால் கவனம் தேவை.

4. உடம்பு கூடியவர்கள் மெதுவாக எடை குறைக்கலாம். 60 கிலோ உள்ளவர் 4 முதல் 6 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு நன்றாகக் குறையும்.

5. சாராயம், கசிப்பு வேண்டாம். இருக்கிற நோயை அது இன்னும் கெடுக்கும்.

6. வெறும் வயிற்றில் இரத்தம் சோதிப்போம். 100 முதல் 125 வரை இருந்தால் எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் டொக்டரிடம் காட்டி, மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஈரலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் பேர் போகுதே என்று கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். போன பேரை நாளைக்கு உழைத்து எடுக்கலாம். சுருங்கிய ஈரலைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.