சின்ன எலும்பு என்று விட்டுவிடாதீர்கள்

வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள். அவற்றில் 106 எலும்புகள், அதாவது பாதிக்கும் மேல், இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் இருக்கின்றன. ஒரு கையில் 27: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. ஒரு பாதத்தில் 26: பின்பாதத்திலும் நடுப்பாதத்திலும் 7, விரல்களுக்குப் பின்னால் நீள எலும்புகள் 5, விரல்களில் 14.

தொடை எலும்பு முறிந்தால் ஊரே கூடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். மணிக்கட்டிலோ பாதத்திலோ முறிந்தால் ‘சுளுக்கு’ என்று நாமே பெயர் வைத்து, வாரக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருப்போம். அந்த வாரங்கள்தான் கையையும் காலையும் கெடுக்கின்றன.

செய்ய வேண்டியவை

1. அடிபட்டவுடன் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் அவை இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

2. அடிபட்ட இடத்தை அசையாமல், நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். கெட்டி அட்டையோ மடித்த செய்தித்தாளோ அணைகொடுக்கப் போதும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம்.

3. கையை ஊன்றி விழுந்தீர்களா? கட்டை விரலை விரித்து உயர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதென்றால், மணிக்கட்டின் 8 எலும்புகளில் ஒன்றான படகு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவதுண்டு. ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் வலி இருந்தால், 10 முதல் 14 நாட்களில் மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகக்கூடும்.

4. கால் பிசகினால் நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்தும் எலும்பை அழுத்திப் பாருங்கள். நடக்க முடியவில்லை, அல்லது அங்கே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுங்கள்.

5. சாரத்திலிருந்தோ மரத்திலிருந்தோ குதிகால் ஊன்றி விழுந்தவருக்கு முதுகெலும்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். குதிகாலை நொறுக்கிய வேகம் முதுகையும் முறித்திருக்கலாம்.

6. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால் வலியே இல்லாவிட்டாலும் நடப்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். உணர்ச்சி மரத்த பாதத்தில் எலும்புகள் சத்தமில்லாமல் நொறுங்கும்.

7. கதவிடுக்கில் குழந்தையின் விரல் நசுங்கினால் நகம்தானே என்று இருக்காமல் காட்டுங்கள். எலும்பு வளரும் இடத்தில் அடிபட்டிருந்தால் விரல் கோணலாக வளரலாம்.

செய்யக்கூடாதவை

1. ‘விரலை அசைக்க முடிகிறதே, முறிந்திருக்காது’ என்று முடிவு கட்டாதீர்கள். முறிந்த எலும்போடும் விரல் அசையும்.

2. எண்ணெய் தடவி நீவவோ, இழுத்துவிடவோ, சொடக்கு எடுக்கவோ இடம் கொடுக்காதீர்கள். விலகாத எலும்பையும் அது விலக்கிவிடும்.

3. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். எந்தக் கட்டுப் போட்ட பிறகும் விரல் நீலம் பாரித்தால், சில்லிட்டால், மரத்துப்போனால், விரலை நீட்டும்போது உயிர்போகிற மாதிரி வலித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கிவிடும்.

4. முதல் இரண்டு நாட்களுக்குச் சூடான ஒத்தடமோ சூடான புளிப் பத்தோ வேண்டாம். வீக்கம் கூடும். உணர்ச்சி மரத்த பாதத்தில் எப்போதுமே சூடு வைக்கக் கூடாது.

5. மாவுக்கட்டை நனைக்காதீர்கள், அரிக்கிறதென்று உள்ளே குச்சியோ ஸ்கேலோ விடாதீர்கள். தேதிக்கு முன்னால் நீங்களே பிரிக்காதீர்கள்.

6. பாத வலியோடு ஓட்டப் பயிற்சியைத் தொடராதீர்கள். போலீஸ், ராணுவத் தேர்வுக்காகத் திடீரென்று நாள்தோறும் ஓடத் தொடங்கும் இளைஞர்களுக்குப் பாதத்தின் நீள எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். ஓய்வு கொடுத்தால் கூடிவிடும்; ஓடினால் முழுதாக முறியலாம்.

7. எலும்பு கூடும்வரை புகை பிடிக்காதீர்கள். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

பேனா பிடிப்பதும் பூத் தொடுப்பதும் படியேறுவதும் இந்தச் சின்ன எலும்புகளின் தயவில்தான். மூன்று வாரத்துக்கு முன் ஊன்றி விழுந்த கை இன்னும் வலிக்கிறதே என்று இதைப் படிக்கும்போது உங்களுக்கு நினைவு வந்தால், நாளைக் காலையே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அது சுளுக்குதான் என்று அவர் சொல்லட்டும்.