டெண்டர் முதல் எம்-புக் வரை: அரசாங்க வேலையில் நம் கையெழுத்து

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

"தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அரசாங்க கான்ட்ராக்ட் என்று பேச்சை எடுத்தாலே, டீக்கடையானாலும் சரி, ஹாஸ்டல் வராந்தாவானாலும் சரி, இந்த ஒரு வரியோடு விவாதம் முடிந்துவிடும். "இதெல்லாம் சகஜம்ப்பா" என்று எழுந்து போய்விடுவோம்.

நண்பர்களே! எழுந்து போக நமக்கு உரிமை இல்லை என்பது என் எண்ணம். டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் சிலர் ஓவர்சியராகவோ ஜூனியர் இன்ஜினியராகவோ அரசுத் துறையில் சேரப் போகிறோம். பலர் கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். எந்தப் பக்கம் நின்றாலும், தேன் எவ்வளவு என்று கணக்கு எழுதப் போகிறவர்கள் நாம்தான். ஆகவே அந்தக் கணக்கு எங்கே சரியாக இருக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

ஒரு வேலை நடக்கும் விதம்

ஒரு ஊருக்கு சிறு பாலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார்கள். பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல். அடுத்து டெண்டர் விளம்பரம். கான்ட்ராக்டர்கள் இ.எம்.டி. கட்டி விலை கொடுப்பார்கள். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கொடுத்தவரை 'எல்-1' என்பார்கள். அவரோடு அக்ரிமென்ட், வொர்க் ஆர்டர். வேலை நடக்க நடக்க அளவெடுத்து எம்-புக்கில் எழுதி, அதை வைத்து பில் போட்டுப் பணம் கொடுப்பார்கள்.

இதில் ஊருக்கெல்லாம் தெரிவது நடுவில் உள்ள டெண்டர் மட்டும்தான். முன்னால் உள்ள எஸ்டிமேட்டும், பின்னால் உள்ள எம்-புக்கும் யார் கண்ணிலும் படுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

"ஃபாரம் தீந்து போச்சு"

எங்கள் பெரியப்பா சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுத்தவர். கல்வெர்ட், காம்பவுண்டு சுவர் மாதிரி வேலைகள். டெண்டர் ஃபாரத்தை அலுவலகத்தில் நேரில் போய்தான் வாங்க வேண்டும் என்றிருந்த காலம். ஒரு தடவை மூன்று நாள் அலைந்தாராம். "கிளார்க் லீவுங்க", "சலான் கட்டிட்டு வாங்க", கடைசி நாளில் "ஃபாரம் தீந்து போச்சுங்க". வேலை யாருக்குப் போகும் என்பது முன்பே பேசி முடித்த விஷயம் என்று பிறகுதான் தெரிந்ததாம். "விலையில தோத்திருந்தா வருத்தமே இல்லைடா. விலை எழுதவே விடலையே!" என்று இன்றும் சொல்வார்.

பெரியப்பாவுக்குப் போனது ஒரு வேலை. அரசாங்கத்துக்குப் போனது அதைவிடப் பெரியது. ஐந்து பேர் போட்டி போட வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் எழுதினால், அவர் எழுதியதுதான் விலை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கதவடைப்பை உடைக்கத்தான் 1998-ல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. விதிகள் 2000-ல் வந்தன. கர்நாடகமும் இதே போன்ற சட்டம் இயற்றியது. நம் சட்டத்தின் முக்கிய அம்சங்கள்:

1. டெண்டர் அறிவிப்பு, டெண்டர் புல்லட்டினில் வெளியாக வேண்டும். ரூ.2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

2. எதை வைத்து மதிப்பிடப் போகிறோம் என்பதை டெண்டர் ஆவணத்திலேயே சொல்லிவிட வேண்டும். கவரைப் பிரித்த பிறகு புது நிபந்தனை போட முடியாது.

3. விலைபேசுவதானால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும், அதுவும் விலையைக் குறைப்பதற்காக மட்டும்தான் பேசலாம்.

4. முடிவில் குறை இருந்தால், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இயற்கைச் சீற்றம் போன்ற அவசரங்களுக்கு விலக்கும் உண்டு. வெள்ளத்தில் மக்கள் தவிக்கும்போது 30 நாள் காத்திருக்க முடியுமா? ஆனால் 'அவசரம்' என்ற சொல்லை எங்கே எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டியது நம் கடமை.

இன்று டெண்டர் கணினிக்கு வந்துவிட்டது. 2016-ல் மத்திய அரசு பொருள் வாங்குவதற்கென்றே 'ஜெம்' என்ற மின் சந்தையைத் தொடங்கியது. "ஃபாரம் தீந்து போச்சு" என்று கணினி சொல்லாது! ஆனால் கான்ட்ராக்டர்களே கூடிப் பேசி 'சிண்டிகேட்' போட்டால்? இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று விலையை ஏற்றி எழுதினால்? 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது. இரண்டு டெண்டர்களில் ஒரே எழுத்துப்பிழை, அடுத்தடுத்த நம்பருள்ள டி.டி., இரண்டும் ஒரே கணினியிலிருந்து வந்திருப்பது - இவையெல்லாம் சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது முன்பு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். டெண்டர் முழுக்க முழுக்க ஒழுங்காக நடந்தும் பணம் எப்படிப் போகும்? கால்குலேட்டரை எடுங்கள். (விலைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை.)

ஒரு தோண்டும் வேலை. எஸ்டிமேட்டில் சாதா மண் 900 கன மீட்டர், பாறை 100 கன மீட்டர். இரண்டு கான்ட்ராக்டர்கள்.

'அ' என்பவர் மண்ணுக்கு ரூ.200, பாறைக்கு ரூ.800 கேட்கிறார். மொத்தம் 1,80,000 + 80,000 = ரூ.2,60,000.

'ஆ' என்பவர் மண்ணுக்கு ரூ.150, பாறைக்கு ரூ.1,200 கேட்கிறார். மொத்தம் 1,35,000 + 1,20,000 = ரூ.2,55,000.

சட்டப்படி 'ஆ'தான் எல்-1. யாரும் குறை சொல்ல முடியாது. வேலை நடக்கிறது. எம்-புக்கில் மண் 500, பாறை 500 என்று எழுதப்படுகிறது. இப்போது 'ஆ'வுக்குக் கொடுக்க வேண்டியது 75,000 + 6,00,000 = ரூ.6,75,000. அதே அளவுக்கு 'அ' வாங்கியிருக்கக்கூடியது 1,00,000 + 4,00,000 = ரூ.5,00,000 மட்டுமே. குறைந்த விலைக்காரர் ரூ.1,75,000 அதிக விலைக்காரராகிவிட்டார்!

பாறை கூடும் என்று 'ஆ'வுக்கு எப்படித் தெரிந்தது? இரண்டே வழிதான். ஒன்று, எஸ்டிமேட் போட்டவர் பாறையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டி, அதை அவர் காதில் போட்டிருக்க வேண்டும். அல்லது, வெட்டியது மண்ணாகவே இருந்தும் எம்-புக்கில் அது பாறையாகியிருக்க வேண்டும். இரண்டுமே டெண்டர் பெட்டிக்கு வெளியே நடப்பவை. இரண்டிலும் பேனா பிடிப்பது நம்மைப் போன்றவர்கள்.

கனத்திலும் அப்படித்தான். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் ரோடு 45 கன மீட்டர். 12 செ.மீ. போட்டால் 36 தான். காணாமல் போன 9 கன மீட்டரை எம்-புக்கில் எழுதியவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

மக்களுக்கும் தெரியலாம். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதத்தின் நகலோடு நிற்கவில்லை. நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அது உரிமை தருகிறது. ராஜஸ்தான் கிராமங்களில் 1994-ல் தொடங்கிய மக்கள் விசாரணைகளில், செலவுக் கணக்கை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. இந்தச் சட்டத்துக்கு விதை போட்டதில் அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பொறியாளரின் கடிதம்

"தம்பி, நேர்மையா இருந்தா பிழைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். சத்யேந்திர துபே கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்தார். அங்கே நடந்த முறைகேடுகளை 2002-ல் பிரதமருக்குக் கடிதமாக எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பெயரோடு பல மேஜைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்று சி.பி.ஐ. சொன்னது, 2010-ல் மூவருக்குத் தண்டனை கிடைத்தது. காரணம் எதுவானாலும், பெயரைக் காக்கத் தவறியது தவறியதுதான். நாடே கேள்வி கேட்ட பிறகு, 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. அதன்படி மத்திய அரசுத் துறைகளின் ஊழல் பற்றிய புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். எழுதியவர் பெயரை ஆணையம் ரகசியமாக வைக்க வேண்டும்.

எல்லோரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நிலை வராமல் இருக்க, நம் வேலையில் நாம் செய்யக்கூடியவை இவை:

1. சைட்டுக்குப் போகாமல் எஸ்டிமேட் போடாதீர்கள். டிரையல் பிட் தோண்டி, மண் எது, பாறை எது என்று போட்டோவோடு பதியுங்கள்.

2. அளவை அன்றே, சைட்டிலேயே எம்-புக்கில் எழுதுங்கள். அடித்தால் திருத்தியதற்குக் கையெழுத்திடுங்கள்.

3. மூடி மறையும் வேலையை, அதாவது அஸ்திவாரம், கம்பி, அடிக் கான்கிரீட்டை, மூடுவதற்கு முன் அளந்துவிடுங்கள்.

4. பொருளின் தரத்தை எழுதுங்கள். ஒரே கம்பெனிக்குப் பொருந்துகிற மாதிரி ஸ்பெசிபிகேஷன் எழுதாதீர்கள்.

5. "கொஞ்சம் மாத்திப் போடுப்பா" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், "எழுத்துல குடுங்க சார்" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த எழுத்து வரவே வராது!

நண்பர்களே, எஸ்டிமேட்டிங் பேப்பரில் நாம் போடும் கணக்கு தப்பினால் மார்க்தான் போகும். வெளியே போய்ப் போடும் கணக்கு தப்பினால், ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும், முதல் மழையிலேயே பாலம் உட்காரும். அதன் மேல் நடப்பவர்கள் நம் அம்மாவாகவும் தம்பியாகவும் இருக்கலாம். சட்டம் டெண்டர் பெட்டிக்குக் காவல் இருக்கிறது. எம்-புக்குக்கு நாம் காவல் இருப்போம்!