நெட்வொர்க்கிங் படிப்பு: நகையை அடகு வைக்கும் முன்

‘வேலை உறுதி’ என்ற விளம்பரத்தை நம்பி, நகையை வட்டிக்கு வைத்து மகனை நெட்வொர்க்கிங் படிப்பில் சேர்த்த பெற்றோர் நம்மிடம் வருகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்.

சிஸ்கோவின் சிசிஎன்ஏ 120 நிமிடத் தேர்வு. சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். பயிற்சி நிலையத்தில் சேராமல் வீட்டில் படித்தும் எழுதலாம். ரூட்டர், சுவிட்ச் அமைத்துப் பழக ‘பாக்கெட் டிரேசர்’ மென்பொருள் இலவசம். சப்நெட்டிங் கணக்கைத் தினமும் கையால் போட்டுப் பழக வேண்டும்.

சான்றிதழ் நேர்காணல் வரை கொண்டுபோகும். வேலையைத் தருவது கைப்பழக்கம். முதல் வேலை பெரும்பாலும் ஹெல்ப் டெஸ்க் அல்லது இரவு ஷிப்டில் நெட்வொர்க் கண்காணிப்பு. சம்பளம் குறைவென்று ஒதுக்க வேண்டாம். அங்கே சரிசெய்யும் பழுதுகளே அடுத்த வேலைக்கான அனுபவம்.

தேர்வுக் கட்டணம் தடையானால் வட்டிக்குப் போகாதீர்கள். எங்களிடம் வாருங்கள்; அழகிய கடனாகத் தர முயல்வோம், இன்ஷா அல்லாஹ்.