பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

“லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது, அப்புறம் எதுக்குத் தம்பி செக் பண்ணணும்?”

வீட்டு மின் பாதுகாப்பு ஆய்வைத் தனி வேலையாக எடுத்துச் செய்ய நினைக்கும் எலக்ட்ரீஷியன், முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியைச் சந்தித்துவிடுவார். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். “ஃபிரிட்ஜைத் தொட்டா எப்பவாவது சுர்ருன்னு இழுக்குதாம்மா?” என்று கேளுங்கள். “மழைக்காலத்துல லேசா இழுக்கும். கால்ல செருப்பு போட்டுக்கிட்டுத்தான் திறப்போம்” என்று சர்வசாதாரணமாகப் பதில் வரும். செருப்பு போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜ் திறக்கும் வீடுகள் இங்கே நிறைய. அவற்றில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

புதிய இணைப்பு கேட்கும்போது மின் ஒப்பந்ததாரர் சோதித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். சாதாரண வீட்டில் நடைமுறையில் அதோடு சரி. ட்யூப் லைட்டையும் இரண்டு ஃபேனையும் மிக்சியையும் மனதில் வைத்துக் கம்பி இழுத்த வீட்டில் பிறகு ஹீட்டர் வருகிறது, இன்வெர்ட்டர் வருகிறது, இரண்டு ஏசி வருகிறது, இண்டக்‌ஷன் அடுப்பு வருகிறது. வருஷா வருஷம் பைக்கை சர்வீசுக்கு விடும் மனிதர் மெயின் போர்டு கதவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். பீஸ் போனால்தான் எலக்ட்ரீஷியன் ஞாபகம் வரும். அப்படி வருகிறவரும் போன பீஸைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவருக்குக் கூலி அதற்குத்தான்.

ஆய்வுக்குப் போகிறவர் விற்பது வேறு பொருள்: பார்த்ததை எழுதித் தரும் ஒரு தாள். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மீட்டர் வாங்கிப் பயனில்லை.

முதலில் சான்று

சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம்தான் இந்தத் தொழிலின் படிக்கட்டு. மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாளர், மேற்பார்வையாளர் என்று தகுதிச் சான்றுகள். அதற்கு மேல் ஒப்பந்ததாரர் உரிமம். பள்ளிப் படிப்பு இல்லாமல் கைவேலையாகவே தொழில் கற்றவர்களுக்கு உதவியாளர் தகுதித் தேர்வு நல்ல வாசல். ஐடிஐ முடித்தவர்களும் டிப்ளமோ முடித்தவர்களும் அனுபவத்தோடு அடுத்தடுத்த படிக்குப் போகலாம்.

சான்று எதற்கு? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி பல்பு, ஃபேன், பீஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்ற உரிமம் வேண்டாம். ஆனால் வயரிங்கில் புதிதாகச் சேர்ப்பதும் மாற்றுவதும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலைகள். ஆகவே “இதைப் பிரித்து மறுபடி போட வேண்டும்” என்று எழுதும் கை யாருடையது என்று கேள்வி வரும். உங்களிடம் மேற்பார்வையாளர் சான்று இல்லையென்றால், வைத்திருக்கும் ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். கையெழுத்துக்குப் பங்கு கொடுங்கள். அவர் கண்ணால் பார்க்காத வீட்டுக்கு அவர் கையெழுத்தை வாங்கி ஒட்டாதீர்கள். வயரிங்கைவிட மோசமான குறை அது.

பையில் என்ன?

நம்மூரில் எலக்ட்ரீஷியன் என்றால் சட்டைப் பையில் டெஸ்டர். அது எரிந்தால் பேஸ் இருக்கிறது என்று தெரியும். நியூட்ரல் அறுந்திருக்கிறதா, எர்த் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது. நம்பகமான மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், 500 வோல்ட் மெகர், மின் கசிவு கண்டால் லைனை நிறுத்தும் ஆர்சிசிபியைச் சோதிக்கும் கருவி, எர்த் சோதிக்கும் கருவி இவையெல்லாம் வேண்டும். கடைசி இரண்டையும் ஆரம்பத்தில் வாடகைக்கோ, நாலு பேர் சேர்ந்தோ வாங்கிக்கொள்ளலாம். மல்டிமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவு மீட்டர் உங்கள் கையிலேயே வெடிக்கலாம்.

இன்னொன்று: மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்று போர்டைத் திறந்து கை வைக்கும் பழக்கம் இன்வெர்ட்டர் இல்லாத காலத்துப் பழக்கம். மெயின் ஆஃப் ஆன நொடியில் இன்வெர்ட்டர் தன் லைனுக்கு 230 வோல்ட்டைக் கொடுக்க ஆரம்பித்துவிடும். மாடியில் சோலார் இருந்தால் அதையும் தனியாக நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். பார்ப்பதற்கு முன்னும் பின்னும், கரண்ட் இருக்கும் ஓர் இடத்தில் மீட்டரே வேலை செய்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்

முதல் பத்து நிமிடம் கருவியே வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள். எந்தக் குழாயைத் தொட்டால் இழுக்கிறது, எந்த சுவிட்ச் சூடாகிறது, மோட்டார் போடும்போது எந்த லைட் மங்குகிறது, ஏசிக்கு லைன் இழுத்தது யார். பெரியவர்களும் வீட்டு வேலை செய்யும் அக்காவும் சொல்வது பாதி ஆய்வு.

போர்டைத் திறந்ததும், “யார் சார் இந்த வேலை பண்ணது?” என்று கேட்பது நம் தொழிலின் தேசிய கீதம். விட்டுவிடுங்கள். செய்தது வீட்டுக்காரரின் மச்சானாக இருக்கலாம்.

மீட்டர் வரை ஈபி-யின் பொறுப்பு. சீல் பக்கம் கை போகக் கூடாது. அங்கே கருகல் தெரிந்தால் எழுதி வைத்து, ஈபி அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருவது உங்கள் எல்லை. அதிகம் காணும் குறை எம்சிபி ஏற்றம். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 10 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போட்டிருப்பார்கள். உள்ளே ஓடுவதோ அதே 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். இப்போது லோடு கூடினால் எம்சிபி அமைதியாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். எம்சிபி எண்ணையும் வயர் அளவையும் ஒவ்வொரு லைனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் பீஸ் கட்டை இருக்கும். அந்த பீஸ் போனால் லைட் எரியாது, ஆனால் ஹோல்டர் வரை பேஸ் வந்து நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடுகிறவர்களுக்கு அது வலை.

எர்த்துக்கு நேரம் ஒதுக்குங்கள். நம்மூர் வீடுகளில் ஆளைக் கொல்லக்கூடியது பொய் எர்த். வீடு கட்டும்போது எர்த் குழி போடவில்லை, அல்லது போட்ட குழிமேல் போர்டிகோ டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மூன்று பின் பாயிண்டில் எர்த் இல்லையென்றால் வாஷிங் மெஷின் மெக்கானிக் கத்துவார் என்று, யாரோ பிளக் பாயிண்டுக்குள்ளேயே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். மீட்டரை வைத்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் அழகாக 230 வோல்ட் காட்டும். எல்லாம் சரி என்று தோன்றும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷினின் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட். ஆர்சிசிபி முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா என்றால், நியூட்ரல் அறாதவரை வெளியே கசிய வேண்டிய மின்சாரம் அந்தத் துண்டு வயர் வழியே நியூட்ரலிலேயே திரும்பிவிடுவதால் அது கணக்கு சரியாக இருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: அதே லைனில் அயர்ன் பாக்ஸையோ ஹீட்டரையோ ஓடவிட்டு, பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். தனி எர்த் குழி இருக்கும் வீட்டில் லோடு ஓடும்போது ஒன்றிரண்டு வோல்ட்டாவது தெரியும். சுத்தமாக சைபர் என்றால் சந்தேகப்பட்டு, மெயினை நிறுத்திப் பாயிண்டைக் கழற்றிப் பாருங்கள். எர்த் குழியை அளப்பதில் நகரத்துச் சிக்கல் ஒன்று உண்டு. கம்பி முளை அடிக்க மண்ணே இருக்காது, சுற்றிலும் சிமெண்ட். அங்கே லூப் மின்தடை அளக்கும் கருவிதான் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் மின் கசிவைத் தடுக்கும் இந்த ஆர்சிசிபி கருவி கட்டாயம் ஆகிவிட்டது; வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. நிறைய வீடுகளில் பெட்டிக்குள் அது இருக்கிறது, ஆனால் லைன் அதன் வழியாகப் போகவில்லை. “சும்மா சும்மா விழுந்துக்கிட்டே இருந்துச்சு, டைரக்டா குடுத்துட்டேன்” என்று போன எலக்ட்ரீஷியன் சொல்லியிருப்பார். அது சும்மா விழாது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் கலந்திருக்கும், அல்லது ஹீட்டர் காயில் கசியும், அல்லது காம்பவுண்ட் லைட்டுக்குள் மழைத் தண்ணீர் நிற்கும். அதில் இருக்கும் டி பட்டனை அழுத்தினால் கருவியின் உள்வேலை சரி என்று மட்டும் தெரியும். 30 மில்லி ஆம்பியரில், 300 மில்லி விநாடிக்குள் விழுகிறதா என்பதைச் சோதனைக் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும்.

மெகர் போடும்போது பொருள்கள் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கச் சொல்லுங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் கொடுத்தால் எல்இடி பல்பும் ஃபேன் ரெகுலேட்டரும் பிழைக்கும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அந்த லைனைப் பிரித்துப் பிரித்துத் தேட வேண்டும். பாத்ரூம், சம்ப் மோட்டார், மொட்டை மாடி இவற்றைச் சொல்லவே வேண்டாம். துணிக்கொடியை மட்டும் மறந்துவிடாதீர்கள். சர்வீஸ் வயரைத் தாங்கும் இரும்புக் குழாயில் ஜிஐ கம்பியைக் கட்டித் துணி காயப்போடுவது இன்னும் நடக்கிறது.

தாள்

“வயரிங் சரியில்லை” என்று எழுதினால் காசு வாங்க வந்தவன் என்று நினைப்பார்கள். “பின்பக்க பாத்ரூம் ஹீட்டர் பாயிண்டில் எர்த்தும் நியூட்ரலும் உள்ளே ஒரு வயரால் இணைக்கப்பட்டுள்ளன” என்று எழுதுங்கள், போட்டோவோடு. இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஆய்வு 2020 முதல் சட்டமானது. அவர்கள் குறைகளை சி1, சி2, சி3 என்று பிரிக்கிறார்கள். நாமும் இன்றே நிறுத்த வேண்டியது, சீக்கிரம் சரிசெய்ய வேண்டியது, முடிந்தபோது செய்யலாம் என்று மூன்றாகப் பிரித்துவிடலாம். எல்லாவற்றையும் முதல் வகையில் போட்டால் எதையும் செய்ய மாட்டார்கள். முதல் வகைக் குறை இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த லைனை அப்போதே நிறுத்துங்கள். அவர் மறுத்தால் அதையும் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பார்க்க முடியாதவற்றையும் எழுதுங்கள்: பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பாயிண்ட், பால்ஸ் சீலிங்குக்கு மேல் போகும் இணைப்பு. “முழுப் பாதுகாப்பு” என்று மட்டும் எந்த வீட்டுக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கூலியைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ரிப்பேருக்கு அது சேராது என்பதையும் சொல்லுங்கள். “ஆய்வு ஃப்ரீ, வேலை குடுத்தா போதும்” என்று ஆரம்பித்தால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறையும் உங்கள் அடுத்த வேலைக்கான விளம்பரமாகத்தான் தெரியும். “இதைச் சரிபண்ண யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க” என்று தைரியமாகச் சொல்லுங்கள். பாதிப் பேர் உங்களையேதான் கூப்பிடுவார்கள் என்று தோன்றுகிறது. கூப்பிடாவிட்டாலும் அன்றைய கூலி வந்துவிட்டது. கடைக் கமிஷனும் வயர் பெட்டிக்குள் இருக்கும் கூப்பனும் இந்தத் தொழிலில் சகஜம். ஆய்வுத் தாளில் மட்டும் எந்தக் கம்பெனிப் பெயரையும் எழுதாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை, அளவு, ஆம்பியர் போதும்.

யார் கூப்பிடுவார்கள்? பழைய வீடு வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு விடும் ஓனர்கள், அடுக்குமாடிச் சங்கங்கள். நான் முதலில் தேடச் சொல்வது துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளை. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் வீட்டைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருக்கிறது, வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவோடு கூடிய தாளுக்குக் கூலி கொடுக்க மனமும் இருக்கிறது.

காலமும் பார்க்க வேண்டும். எர்த் குழியின் உண்மையான நிலை மண் காய்ந்திருக்கும் சித்திரை வெயிலில் தெரியும். கசிவு தெரிவது ஐப்பசி அடைமழையில். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போக இது நியாயமான காரணம். இரண்டாம் தடவைக்குப் பாதிக் கூலி வாங்குங்கள்.

கிளம்பும்போது தாளின் நகல் ஒன்றை மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மெயின் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டு வாருங்கள், செல் நம்பரோடு. அடுத்து பீஸ் போடப் போகும் எலக்ட்ரீஷியன் முதலில் வந்து நிற்கப்போவது அந்த இடத்தில்தான்.