கணப்புச் சட்டியும் குழந்தை படுத்த அறையும்



மார்கழி, தை மாதப் பனியில், பிள்ளை பெற்ற தாய் படுத்திருக்கும் அறையில் கணப்புச் சட்டி வைப்பது பழைய வழக்கம். பாட்டிமார் இதை அன்பினால் செய்கிறார்கள். அந்த அன்போடு அறிவும் சேரவேண்டும். ஆகையால் கரி நெருப்பைப் பற்றிய சில காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, மூட்டும் விதம். கரி நன்றாய்க் காய்ந்திருக்கவேண்டும். அடுப்பின் பழைய சாம்பலைத் தட்டி, அடித்தட்டின் துவாரங்களைத் திறந்துவிடுங்கள். கீழிருந்து காற்று ஏறாவிட்டால் கரி பிடிக்காது. அடியில் தேங்காய் நார், அதன்மேல் கொட்டாங்கச்சித் துண்டு, அதற்கும் மேல் சிறு கரி என்று இடைவெளி விட்டு அடுக்குங்கள். நாரில் தீ வைத்து, கீழ்வாயில் மெதுவாய் விசிறுங்கள். சிறு கரி சிவந்த பிறகே பெரிய கரியைப் போடவேண்டும். பிடிக்கவில்லையென்று மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இவையெல்லாம் வீட்டுக்கு வெளியே செய்யவேண்டியவை. பொறி பறக்குமாதலால் தறிக்கும் பாவுக்கும் தூரமாயிருக்கட்டும்.

இரண்டாவது, அபாயம். "புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே கொண்டுபோகலாம்" என்கிறோம். இங்கேதான் மோசம் போகிறோம். கோயிலில் தூபக்கலசம் பிடிக்கும் பையன்களைக் கேளுங்கள்: ஆட்டினால் கரி சிவக்கும், மூடிவைத்தால் மங்கும். அப்படிக் காற்றுக் குறைந்து எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு மிகுதியாய் வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைவிட அதை 200 மடங்குக்கும் அதிகமாய்ப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, பின்பு மயக்கம் வரும். உறங்குகிறவர் இவற்றை அறியாமலே இறந்துபோகலாம். வயிற்றிலுள்ள சிசுவுக்கும் கைக்குழந்தைக்கும் கெடுதல் இன்னும் அதிகம்.

குளிர் தேசத்தார் வீட்டுக்குள் நிலக்கரி அடுப்பு எரிக்கிறார்களே என்று கேட்கலாம். அந்த அடுப்புக்குப் புகைபோக்கி உண்டு. விஷவாயு அதன் வழியே கூரைக்கு மேலே போய்விடும். நம் சட்டிக்கு அது இல்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், அறைக்குள் கரி அடுப்பை வைத்து உறங்கிய இளைஞர் இருவர் காலையில் பிணமாய்க் கிடந்தார்கள்.

ஆகவே, ஆட்கள் உறங்கும் அறையில் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம். சன்னலைச் சிறிது திறந்துவைத்தோம் என்பதும் போதிய காவலாகாது. சேத்துப்பட்டின் பனிக்குக் கம்பளியும், குழந்தையின் தலைக்கு ஒரு குல்லாவும், தாயின் மார்புச் சூடும் போதும். சாம்பிராணி போட எடுத்த தணலையும் உடனே வெளியே வைத்துவிடுங்கள். அது நீறு பூத்திருந்தாலும் அணைந்ததாக எண்ணாதீர்கள்.

கரி நெருப்புள்ள அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், கதவுகளைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கிவந்து, 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம், "அறையில் கரி எரிந்தது" என்று மறவாமல் சொல்லுங்கள். இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இன்றே வாசித்துக் காட்டுங்கள்.