உடலுக்கும் நோய்க்கும் ஒரு பொதுச் சொல்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது நம் முன்னோர் மொழி. அந்தச் சுவராகிய உடலில் எங்கே கோளாறு என்று பிறருக்கு எடுத்துரைக்க நமக்குச் சரியான சொற்கள் வேண்டும் அன்றோ? "ஈரலில் கோளாறு" என்று ஒருவர் கூறினால் எந்த ஈரல்? கல்லீரலா, நுரையீரலா, மண்ணீரலா? மூன்றும் வெவ்வேறு உறுப்புகள். மூன்றின் வேலையும் வேறு. "வயிறு" என்னும் சொல்லும் அப்படியே. உணவு தங்கும் இரைப்பையையும் வயிறு என்கிறோம். குடல் முதலியவை அடங்கிய பகுதி முழுவதையும் வயிறு என்கிறோம். தோள் முதல் விரல் நுனி வரை எல்லாம் நமக்குக் "கை"தான். வீட்டுப் பேச்சுக்கு இது போதும், மருத்துவத்துக்குப் போதாது.

வீரபாண்டியில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயர் உண்டு. சட்டையை எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. கடல் கடந்து வாங்குபவரும் இங்கே தைப்பவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் ஆளாவிட்டால் சரக்குக்குக் கேடு. ஒரு சட்டைக்கே இத்தனை ஒழுங்கு என்றால், இறைவன் தந்த உடலுக்கு எவ்வளவு வேண்டும்!

உலகம் செய்த ஏற்பாடு

ஐரோப்பிய மருத்துவர்களிடமும் இந்தக் குழப்பம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உடலுறுப்புகளுக்கு வழங்கிய பெயர்கள் ஏறக்குறைய 50,000. ஒரே உறுப்புக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர்! 1895-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூற்று அறிஞர்கள் கூடி, அவற்றைச் சுமார் 5,000 இலத்தீன் பெயர்களாகச் சுருக்கினர். அந்தப் பட்டியல் பலமுறை திருத்தப்பட்டு, 1998-இல் புதிய வடிவில் வெளிவந்தது.

பெயர் மட்டும் போதாது. நிற்கும் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே மனிதர் நேராக நின்று, முகமும் உள்ளங்கையும் முன்னோக்கி இருப்பதாகக் கொண்டே உறுப்புகளின் இடம் கூறப்படும். "வலது" என்றால் நோயாளியின் வலது. எதிரே நிற்கும் மருத்துவரின் வலது அன்று. இச்சிறு விதி எத்தனையோ தவறுகளைத் தடுக்கிறது.

தமிழில் நடந்த பெருமுயற்சி

தமிழுக்கு இத்தகைய பணியை முன்னின்று செய்தவர் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்பவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவம் செய்துகொண்டே நம் மொழியைக் கற்றார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

பாட நூல் இல்லாமல் எப்படிக் கற்பிப்பது? அவரும் அவருடைய மாணவர்களும் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினர். உடற்கூற்றுக்கு "அங்காதிபாதம்" என்றும், உறுப்புகளின் தொழிலைக் கூறும் கலைக்குச் "சுகரணம்" என்றும் பெயரிட்டனர். புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில் வெளிவந்தது. புதுச் சொல் வேண்டியபோது கிறீன் முதலில் தமிழில் தேடினார், கிடைக்காவிட்டால் வடமொழியில், அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய மாற்றினார். வேதியியல் நூலுக்குக் "கெமிஸ்தம்" என்ற பெயர் அப்படி வந்ததே. அச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியும் என்பதை அவர் செய்து காட்டிவிட்டார்.

பின்னர் 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். நம் கொங்கு மண்ணின் மைந்தர் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

குறையைக் கூறும் முறை

உறுப்புக்குப் பெயரிடுவதைவிட, உறுப்பின் மாறுபாட்டை விவரிப்பது கடினம். "தலை சிறியது" என்று கண்ணளவில் கூறினால், ஒருவருக்குச் சிறியது மற்றவருக்குச் சரியாகத் தோன்றலாம். ஆதலின் நாடாவால் அளந்து, அதே வயதுக் குழந்தைகளின் அளவோடு ஒப்பிட்ட பிறகே கூற வேண்டும். தலை, முகம், கை, கால் முதலியவற்றின் மாறுபாடுகளை இவ்வாறு விவரிக்கும் வரையறைகளைப் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து 2009-இல் வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டில், நோய்க்கூறுகளுக்கான கணினிச் சொற்பட்டியல் ஒன்றும் தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. மொழி மாறினாலும் எண் மாறாது.

இதனால் என்ன பயன்? அரிய நோயுள்ள குழந்தை ஓர் ஊரில் ஒன்றே இருக்கலாம். அதே நோயுள்ள மற்றொரு குழந்தை வேறொரு கண்டத்தில் இருக்கலாம். இரு மருத்துவரும் ஒரே சொல்லால் எழுதினால்தான் இரண்டும் ஒரே நோய் என்று புலப்படும். பெயரே தெரியாமல் தவித்த பெற்றோருக்கு அப்போதுதான் விடை கிடைக்கும்.

சொல் சுடலாகாது

உவமைக்கு எடுத்த பனியனை இங்கே விட்டுவிட வேண்டும். குறையுள்ள துணியைச் "செகண்ட்ஸ்" என்று ஒதுக்கி வைக்கிறோம். மனிதருள் செகண்ட்ஸ் இல்லை!

டவுன் என்ற மருத்துவர் 1866-இல் விவரித்த ஒரு நிலைக்கு மங்கோலிய இனத்தின் பெயரே நெடுங்காலம் வழங்கியது. அது ஓர் இனத்தையும் இழிவுபடுத்தியது; குழந்தைகளையும் இழிவுபடுத்தியது. 1961-இல் அறிஞர்கள் அதை மறுத்து எழுதினர். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று, 1965-இல் உலக சுகாதார நிறுவனமும் கைவிட்டது. இன்று அதனை டவுன் நோய்க்குறித் தொகுப்பு என்கிறோம்.

உதடு பிளந்து பிறக்கும் குழந்தையை ஆங்கிலத்தில் முயலோடு ஒப்பிட்டனர். நம் ஊரிலோ கிரகணத்தின்போது வெளியே வந்ததாகத் தாயின் மீது பழி சுமத்தினர். உண்மை என்ன? கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையே முகத்தின் பகுதிகள் ஒன்றுசேர்ந்து உதடு உருவாகிறது. அவை முழுவதும் சேராதபோது பிளவு உண்டாகிறது. "பிளவு உதடு" என்ற சொல் உள்ளதை உள்ளபடி கூறுகிறது, யாரையும் பழிக்கவில்லை. முதல் ஆண்டிலேயே அறுவை மருத்துவத்தால் சரிசெய்யவும் கூடும். "ஊனமுற்றோர்" என்பதை விடுத்து "மாற்றுத்திறனாளி" என்று நம் அரசு கூறுவதும் இக்கருத்துப் பற்றியதே.

தோழியரே! பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது வலி எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை நாள் என்று தெளிவாகக் கூறப் பழகுவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊருக்கு உழைக்க வந்தோர் தம் நோயைச் சொல்லத் தடுமாறினால், இடத்தைத் தொட்டுக் காட்டச் செய்து உதவுவோம். எவரையும் அவர்தம் குறையைப் பெயராக்கி அழையாதிருப்போம். நோயைத் தெளிவாகச் சொல்வது அறிவு. நோயாளியை மதித்துச் சொல்வது அன்பு. இரண்டும் சேர்ந்ததே நல்ல சொல்.